காம்பியா: கடலை விட்டு ஆற்றுக்கு

ஆப்பிரிக்கப் பெருநிலத்திலேயே மிகச் சிறிய நாடு காம்பியா. மேற்கே அட்லாண்டிக், மற்ற மூன்று பக்கமும் செனகல். நடுவில் ஓடும் காம்பியா ஆறும் அதன் இரு கரைகளும்தான் மொத்தத் தேசமும். ஆனால் 1960களில் சுவீடன்காரர்கள் குளிருக்குத் தப்பி இங்கே வரத் தொடங்கியதிலிருந்து, காம்பியாவில் விடுமுறை என்றால் கோலோலி கடற்கரை ஓட்டல்கள் என்றே ஆகிவிட்டது. கடற்கரையில் குறை சொல்ல எதுவுமில்லை. தன்ஜியில் மாலை நேரத்தில் வண்ணம் பூசிய படகுகள் வந்து நிற்க, பெண்கள் மீன் கூடைகளைத் தலையில் சுமந்து கரையேறுவதைப் பார்க்கலாம். ஆனால் மணலும் வெயிலும் எத்தனையோ நாடுகளில் கிடைக்கும். காம்பியாவுக்கென்று உள்ளவை ஆற்றோரமாகத்தான் இருக்கின்றன.

முகத்துவாரத்திலிருந்து சற்று உள்ளே போனால் குண்டா கிண்டே தீவு. அடிமை வணிகம் நடந்த கோட்டையின் இடிபாடுகள் அங்கே நிற்கின்றன. 2003 முதல் அது உலகப் பாரம்பரியச் சின்னம். அலெக்ஸ் ஹேலியின் 'ரூட்ஸ்' (1976) நாவலால் பெயர் பெற்ற ஜுஃபூரே கிராமம் எதிரே வடகரையில் இருக்கிறது. தன் முன்னோர் இவ்வூரிலிருந்து அடிமையாகக் கொண்டுபோகப்பட்டவர் என்று ஹேலி சொன்ன வம்சக் கதையை வரலாற்றாளர்கள் பலர் ஏற்பதில்லை. ஏற்காவிட்டால் என்ன? இங்கிருந்து மனிதர்களைக் கப்பலேற்றியதற்கு அந்த நாவல் மட்டுமா சாட்சி? இன்னும் கிழக்கே வாசுவில், பழங்காலப் புதைகுழிகளைச் சுற்றிச் செம்பூராங்கல் தூண்கள் வட்டமாக நிற்கின்றன. வருகிறவர்கள் தூண்களின் தலையில் சிறு கல்லொன்றை வைத்து வேண்டிக்கொள்வது வழக்கம். அருகிலுள்ள குந்தாவூரில் படகேறினால் தேசியப் பூங்காத் தீவுகளில் சிம்பன்சிகளைக் காணலாம். தீவில் கால்வைக்க அனுமதியில்லை, படகிலிருந்தே பார்க்க வேண்டும். அது சரியான கட்டுப்பாடுதான்.

ஓய்வெடுக்க வந்தவரை எதற்கு நீண்ட தூரம் அலையவைக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உள்நாட்டில் வெக்கை அதிகம், நல்ல விடுதிகள் குறைவு. ஆனால் மழை ஓய்ந்த நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வெயில் தாங்கக்கூடியதே. ஃபாராஃபென்னி அருகே 2019இல் பாலம் திறந்தபின் அங்கே படகுத்துறையில் காத்துக் கிடக்கவும் வேண்டியதில்லை. ஐரோப்பாவிலேயே மொத்தப் பணத்தையும் கட்டிவிட்டு வருகிறவர் ஓட்டலைத் தாண்டாவிட்டால், உள்ளூர்ப் படகோட்டிக்கு என்ன கிடைக்கும்? பறவை பார்க்க வருகிறவர்களுக்கு இதையெல்லாம் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 500க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவான இந்நாட்டில், அவர்கள் தொலைநோக்கியும் கையுமாக, ஆற்றோரம் வெகு உள்ளே இருக்கும் ஜன்ஜன்புரே ஊர் வரை போய்த் தங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.