முதலீடும் மெய்ப்பயனும்

விளைவு வேறு, வீடு சேர்வது வேறு என்பதனை அம்பாறைக் கரையோரத்து உழவர் நன்கறிவர். கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் வயலின் பயன் களத்திற் குவிந்த பொலியைக் கொண்டு மட்டும் மதிக்கப்படுவதில்லை. உழவுகூலி, வெட்டுக்கூலி, முல்லைக்காரன் பங்கு என்பன நீங்கியபின் எஞ்சும் நெல்லே நிலமுடையார்க்கு உரியதாகும். ஹஜ் பயணத்திற்கும் பிள்ளைகளின் கல்விக்குமெனச் சேமிப்போர் தம் முதலீட்டையும் இவ்வாறே அளத்தல் வேண்டும்.

பிறர் பணத்தை ஏற்று முதலீடு செய்வோர் பெறும் ஊதியம் இருவகைப்படும். ஒன்று, முதலின்மீது ஆண்டுதோறும் கொள்ளும் கட்டணம். யூனிட் டிரஸ்ட் நிதியங்களில் இம்முறையைக் காணலாம். மற்றையது, இலாபத்தில் மட்டும் கொள்ளும் பங்கு. வட்டியை விலக்கும் முஸ்லிம்கள் கைக்கொள்ளும் முழாரபா ஒப்பந்தம் இதன்பாற்படும். இலங்கையில் 2005ஆம் ஆண்டின் வங்கித்தொழில் திருத்தச் சட்டம் இத்தகைய வங்கிமுறைக்கு வழிவகுத்தது. 2011இல் அமானா வங்கி முற்றிலும் வட்டியற்ற வர்த்தக வங்கியாகத் தொழில் தொடங்கியது.

2 வீதக் கட்டணம் சிறிதெனத் தோன்றும். ஆயின், முதலீடு 10 வீதம் ஈட்டும்போது அது இலாபத்தில் ஐந்திலொன்று. 4 வீதம் ஈட்டும்போது சரிபாதி. ஒன்றும் ஈட்டாதபோது முதலையே அரிப்பது. முழாரபாவில் இலாபம் இல்லையேல் முதலீட்டை நடத்துவோர்க்கும் பங்கில்லை. அவர்தம் தவறின்றி நேரும் நட்டம் முதலுடையாரைச் சாரும். அன்றியும், முதலுடையார்க்கு 60, நடத்துவோர்க்கு 40 எனப் பங்கு பேசப்படின், 10 வீத இலாபத்தில் முதலுடையார் பெறுவது 6 வீதமே. ஆகவே, முறையின் பெயரை நோக்கித் துணிதல் தகாது. கைவந்ததைக் கணித்தே துணிதல் வேண்டும்.

காலம் நீள நீள இவ்வேறுபாடு பெருகும். 100,000 ரூபா ஆண்டுக்கு 10 வீதம் வளரின், 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 672,700 ரூபாவாகும். கட்டணம் நீங்கி 8 வீதமே வளரின், அது ஏறத்தாழ 466,100 ரூபாவாகும். கட்டணமாகச் சென்ற பணமும், அப்பணம் ஈட்டியிருக்கக்கூடிய இலாபமும் சேர்ந்தே இப்பேரிழப்பாயின.

கணிக்கும் முறை எளிது. ஆண்டிறுதி மீதியுடன் இடையில் மீளப்பெற்ற தொகையைக் கூட்டி, அதிலிருந்து தொடக்க மீதியையும் புதிதாக இட்ட தொகையையும் கழித்தல் வேண்டும். எஞ்சுவதே மெய்யான இலாபம். புதிதாக இட்ட பணத்தை வளர்ச்சியெனக் கொள்வது, அயல் வயலின் நெல்லைத் தன் களத்திற் கொட்டி, விளைவு மிகுந்ததென மகிழ்வதனை ஒக்கும்.