மனம் தாங்கவில்லையா? ஒருவரிடம் சொல்லுங்கள்

பிள்ளைகள் பட்டணத்தில். துணையும் போய்விட்டது. தோட்டத்தில் கூடப் பழகியவர்களும் குறைந்துவிட்டார்கள். "இனி இருந்து என்ன?" என்ற எண்ணம் அடிக்கடி வருகிறதா? தூக்கமும் பசியும் குறைந்துவிட்டனவா? இதை முதுமை என்று விட்டுவிடாதீர்கள். இது சிகிச்சையால் தேறக்கூடிய நிலை.

"வெளியே சொன்னால் போலீஸ் வரும்" என்று பயந்து பலர் பேசுவதில்லை. தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு முன்பு தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியது. ஓராண்டு வரை சிறை விதிக்கலாம். 2023இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டுவிட்டது. இன்று அது குற்றமல்ல. பயமின்றி உதவி கேளுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை:

• மகளிடமோ பக்கத்து வீட்டாரிடமோ இன்றே சொல்லுங்கள்.

• சுகாதார அமைச்சின் 15555 எண்ணையோ பிஃப்ரண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 எண்ணையோ அழையுங்கள். மலாய் சரளமாக வராவிட்டால், பேசத் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

• அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரிடம் மனதில் உள்ளதைச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பார்.

குடும்பத்தாருக்கு:

• "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது, மனப்பாரம் குறையும்.

• திட்டாதீர்கள். குறுக்கிடாமல் கேளுங்கள்.

• புல் மருந்து, பூச்சி மருந்து, மாத்திரைகளை வீட்டில் வைக்காதீர்கள். இருந்தால் பூட்டி, சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

• உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் தனியே விடாதீர்கள். உடனே 999ஐ அழையுங்கள்.