பூண்டுப் பாலும் பொருமும் வயிறும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் தியாகதுருகம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் முற்பகலிலேயே வடைச் சட்டி காயத் தொடங்கிவிடும். உளுந்து வடை, மசால் வடை, கூடவே ஒரு டீ. மதியம் சின்ன வெங்காய சாம்பாரும் காராமணிப் பொரியலும். இருட்டத் தொடங்கினால் தள்ளுவண்டியில் காலிஃப்ளவர் சில்லி, ராத்திரிக்குப் பரோட்டா. வாரச்சந்தைக்கு வந்தவர், சேலம் பஸ்சுக்குக் காத்திருப்பவர், கரும்பு வெட்டு முடித்துத் திரும்புகிறவர் என்று எல்லோரும் சாப்பிடும் சாப்பாடுதான் இது. பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் கிடையாது. சிலருக்கு மட்டும் சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் வயிறு கல்லாக இறுகும். வேட்டியை அவிழ்த்துக் கட்ட வேண்டியிருக்கும். பாவாடை நாடா பதியும். அடுத்து அவர்கள் போய் நிற்பது மருந்துக் கடையில். "கேஸ் மாத்திரை ரெண்டு குடுங்க."

அங்கே கிடைப்பது பெரும்பாலும் பேன்டோப்ரசோல் அல்லது ஒமிப்ரசோல். இரண்டுமே இரைப்பையில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும் மருந்துகள். நெஞ்செரிச்சலுக்கும் இரைப்பைப் புண்ணுக்கும் அருமையானவை. வயிற்றைப் பொரும வைக்கும் வாயு உண்டாவதோ இரைப்பையைத் தாண்டி, சிறுகுடலையும் தாண்டி, பெருங்குடலில். அந்த இடத்தை இந்த மாத்திரை தொடுவதே இல்லை. மருத்துவர் சொல்லாமல் வருடக்கணக்கில் இதை விழுங்கினால், அமிலம் குறைந்த வயிற்றைக் கடந்து சிறுகுடலில் பாக்டீரியாக்கள் பெருகவும் வாய்ப்புண்டு. அப்போது உப்புசம் கூடத்தான் செய்யும்.

மாதக்கணக்கில் வயிற்று வலி, மலம் கழித்ததும் சற்று ஆறுதல், சில நாள் பேதி, சில நாள் மலச்சிக்கல், எந்நேரமும் உப்புசம் என்று அலைபவர்களில் பலருக்கு இருப்பது ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோய். கடந்த மூன்று மாதங்களில் வாரத்தில் ஒரு நாளாவது வயிற்று வலி, அந்த வலியோடு மலம் கழிக்கும் வழக்கத்திலோ மலத்தின் தன்மையிலோ மாற்றம் என்பது இதைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2016இல் வெளியான 'ரோம் 4' வரையறை. அரியானாவின் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் நடந்த ஆய்வொன்றில் நூற்றுக்கு நான்கு பேருக்கு இந்த நோய் இருந்தது. எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் தெரியாது. ஸ்கேனில் தெரியாது. "ரிப்போர்ட் எல்லாம் நார்மல்" என்ற சொல்லோடு வீடு திரும்பும் நோயாளியை வீட்டில் உள்ளவர்களே நம்புவதில்லை. "எல்லாம் மனப்பிராந்தி" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இது அநியாயம்.

ஏனென்றால் வலி நிஜம். 1973இல் இங்கிலாந்தில் ரிச்சி என்ற ஆய்வாளர், பெருங்குடலுக்குள் சிறு பலூனைச் செலுத்தி 60 மில்லி வரை ஊதிப் பார்த்தார். மற்றவர்களில் நூற்றுக்கு ஆறு பேர்தான் வலி என்றார்கள். ஐ.பி.எஸ். நோயாளிகளில் நூற்றுக்கு 55 பேருக்கு வலித்தது. அதே பலூன், அதே அளவு காற்று. இவர்களுடைய குடல் நரம்புகள் கூடுதல் கூர்மையோடு இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் உணராமலே கடந்துவிடும் வாயு, இவர்களுக்கு வேதனையாகிறது. பார்சிலோனாவில் நடந்த பிற்கால ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. உப்புசம் என்று தவிப்பவர்களில் பலருக்குக் குடலில் வாயு அப்படியொன்றும் அதிகமில்லை. உதரவிதானம் கீழே இறங்கி, முன்வயிற்றுத் தசை தளர்ந்து, வயிறு முன்னால் தள்ளுகிறது. அதனால்தான் காலையில் தட்டையாக இருந்த வயிறு மாலையில் ஏழு மாதம் போலத் தெரிகிறது.

சரி, அந்த வாயு எங்கிருந்து வருகிறது? ராத்திரி கரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பாத்திரத்தைத் தள்ளிக்கொண்டு பொங்குகிறதே, குடலில் நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். சில வகைச் சர்க்கரைகளையும் மாவுச் சங்கிலிகளையும் பிரிக்கும் நொதி மனிதச் சிறுகுடலில் இல்லை, அல்லது போதவில்லை. அவை முழுசாகப் பெருங்குடலுக்கு இறங்குகின்றன. போகும் வழியில் நீரை இழுத்துக்கொள்கின்றன. அங்கே காத்திருக்கும் பாக்டீரியாக்கள் அவற்றை நொதிக்க வைத்து ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்ஸைடையும், சிலரிடம் மீத்தேனையும் வெளிவிடுகின்றன.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிப்சனும் சூ ஷெப்பர்டும் 2005இல் இந்தப் பொருள்களை ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்து 'ஃபாட்மேப்' என்று பெயரிட்டார்கள். கோதுமை, வெங்காயம், பூண்டு ஆகியவற்றிலுள்ள ஃப்ரக்டான், பருப்பு பயறு வகைகளிலுள்ள கேலக்டான், பாலின் லாக்டோஸ், தேனிலும் மாம்பழத்திலும் மிகுந்திருக்கும் ஃப்ரக்டோஸ், காலிஃப்ளவரிலும் காளானிலும் இருக்கும் மானிடால். அதே குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில் ஐ.பி.எஸ். நோயாளிகள் 30 பேருக்கு 21 நாள் இவை குறைந்த உணவையும், இன்னொரு 21 நாள் வழக்கமான உணவையும் சமைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். குறைந்த உணவில் தொந்தரவு ஏறக்குறைய பாதியாகியது.

இந்தப் பட்டியலை நம் அடுப்படிக்குக் கொண்டுவந்தால் சில நம்பிக்கைகள் உறுதியாகின்றன, சில ஆட்டம் காண்கின்றன. மொச்சையும் காராமணியும் கடலைப் பருப்பும் வாயு என்று பாட்டிமார் சொன்னது சரி. வாழைக்காயிலும் செரிக்காத மாவு உண்டு என்பதால் அந்தப் பயமும் வீணில்லை. உருளைக்கிழங்கின் மேல் சுமத்திய பழிதான் பெரும்பாலும் பொய். அதில் ஃபாட்மேப் சொற்பம். கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் வயல் வயலாக விளையும் மரவள்ளிக்கிழங்கும் அப்படியே. நன்றாக வேகவைத்து அளவோடு தின்றால் அது குற்றவாளி அல்ல. மசால் வடையின் கடலைப் பருப்பும், அதில் நறுக்கிப் போட்ட வெங்காயமும், காலிஃப்ளவர் சில்லியில் தடவிய பூண்டு விழுதும் மைதாவும் அப்படித் தப்பிக்க முடியாது.

பட்டியலில் அதிர்ச்சி தருவது பூண்டு. வாயுத் தொல்லை என்றதும் வீட்டில் முதலில் செய்து தருவது என்ன? பாலில் பூண்டை வேகவைத்து, மசித்து, இளஞ்சூட்டில் ஒரு டம்ளர். பலருக்கு அது ஒத்துக்கொள்ளவும் செய்யலாம். ஐ.பி.எஸ். உள்ளவருக்கோ ஃப்ரக்டான் நிறைந்த பூண்டும், லாக்டோஸ் நிறைந்த பாலும் ஒரே டம்ளரில் போய்ச் சேருகின்றன. குடித்துவிட்டு ராத்திரி முழுக்கப் புரண்டவர், அடுத்த நாள் "இன்னும் ரெண்டு பல்லு கூடப் போடணும்" என்று நினைக்கும்போதுதான் சிக்கல் பெரிதாகிறது.

பூண்டு வாசனை இல்லாமல் ரசம் இறங்காது என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஃப்ரக்டான் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. நல்லெண்ணெயைக் காயவைத்து, தட்டிய பூண்டுப் பற்களைப் போட்டுச் சிவக்க விட்டு, பற்களை அரிகரண்டியால் எடுத்துவிட்டு, அந்த எண்ணெயிலேயே கடுகு தாளிக்கலாம். மணம் சட்டியில் தங்கும், ஃப்ரக்டான் பல்லோடு வெளியேறிவிடும். குழம்பில் கொதிக்கவிட்டபின் பற்களைப் பொறுக்கி எடுத்துப் பயனில்லை, ஏனென்றால் அது ஏற்கெனவே தண்ணீரில் இறங்கியிருக்கும். பயறு விஷயத்தில் இதே நீர்க்கரைவு நமக்குச் சாதகம். காராமணியையோ கொண்டைக்கடலையையோ இரவே ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் வேகவைத்து, அந்த வேகவைத்த நீரையும் வடித்துவிட்டால் கேலக்டானில் ஒரு பகுதி அதோடு போய்விடும். முளைகட்டினால் இன்னும் குறையும். பருப்பு வேண்டும் என்றால் துவரம்பருப்புக்குப் பதில் பாசிப்பருப்பைக் கொஞ்சமாக வைத்துத் தொடங்கலாம். உளுந்தும் ஊறி அரைபட்டுப் புளித்து, அரிசியோடு கலந்து இட்லியாகும்போது, வடையாக இருப்பதைவிடச் சாதுவாகிவிடுகிறது.

மேற்கே கல்வராயன் மலையில், வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் மலையாளிப் பழங்குடி மக்களின் பழைய தட்டைப் பார்த்தால் சாமைச் சோறு, தினை, கேழ்வரகுக் களி. அரிசியைப் போலவே இந்தத் தானியங்களிலும் ஃப்ரக்டான் குறைவு. உடன் வரும் அவரையும் மொச்சையும் கொள்ளும்தான் கவனிக்க வேண்டியவை. மலைத் தேனில் ஃப்ரக்டோஸ் அதிகம் என்பதால் அதையும் மருந்தென்று கரண்டி கரண்டியாகக் குடிக்கக் கூடாது. மற்றபடி அரிசியும் சிறுதானியமும் அடித்தளமாக உள்ள நம் சமையல், இந்த நோய்க்கு ஐரோப்பியரின் ரொட்டிச் சாப்பாட்டைவிட எளிதாக வளைந்துகொடுக்கும். மெல்பர்னில் எழுதிய பட்டியலுக்காகக் காசு கொடுத்து வெளிநாட்டுப் பொட்டலம் வாங்க வேண்டிய அவசியம் தியாகதுருகத்துக் குடும்பம் எதற்கும் இல்லை.

கோதுமை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்ட மாவுப் பொட்டலங்கள் சிறு ஊர்களின் கடைகளுக்கும் வந்துகொண்டிருக்கின்றன. குளூட்டனால் குடல் சேதமாகும் சீலியாக் நோய் எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்று வட இந்தியா, வடகிழக்கு, தமிழ்நாடு ஆகிய மூன்று பகுதிகளில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. வடக்கில் ஆயிரத்துக்கு 8.53 பேர். இங்கே ஆயிரத்துக்கு 0.11, அதாவது ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒருவர். பரோட்டா சாப்பிட்டால் வயிறு ஊதுகிறது என்பவருக்குப் பெரும்பாலும் குளூட்டன் காரணமாக இருக்காது. ஆஸ்லோவில் 59 பேரிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட சோதனையில், குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நம்பியவர்களை உண்மையில் தொந்தரவு செய்தது ஃப்ரக்டான்தான் என்று தெரிந்தது. பத்துத் துண்டு பரோட்டாவை இரண்டாகக் குறைத்தாலே அவருக்குப் போதும். வாழ்நாள் விலக்கு தேவையில்லை.

பால் கணக்கு வேறு. 1981இல் வெளியான ஆய்வொன்று டெல்லி, திருவனந்தபுரம், புதுச்சேரி ஆகிய மூன்று ஊர்களில் லாக்டோஸ் செரிமானத்தைச் சோதித்தது. டெல்லியில் 27.4 சதவீதம் பேருக்கு லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை. தெற்கின் இரண்டு ஊர்களிலும் சேர்த்து 66.6 சதவீதம். தியாகதுருகத்து நோயாளிகள் சிகிச்சைக்குப் போகும் அதே புதுச்சேரி அது. இதைப் படித்துவிட்டு டீயை நிறுத்த வேண்டாம். அந்தக் காலச் சோதனைகளில் வழக்கமாக ஒரு லிட்டர் பாலுக்குச் சமமான லாக்டோஸை ஒரே மூச்சில் குடிக்கக் கொடுப்பார்கள். செரிமானக் குறை உள்ளவர்களில் பலர் ஒரு டம்ளர் பாலைத் தாங்கிக்கொள்கிறார்கள். டீயில் ஊற்றும் பால் அதைவிடக் குறைவு. தயிரில் உள்ள பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தாமே செரித்துத் தருவதால் மோர் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. கடைக்குக் கடை நின்று நாளைக்கு ஏழெட்டு டீ குடிப்பவருக்குத்தான் காஃபீனும் சேர்ந்து குடலை விரட்டும்.

நொதித்தலே பகை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பி. எஸ். ராமகிருஷ்ணா தலைமையிலான குழு, காலரா நோயாளிகளுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலுடன் சிறுகுடலில் செரிக்காத மாவைச் சேர்த்துக் கொடுத்தது. பேதி குறைந்தது. 2000இல் அது உலகின் முதன்மையான மருத்துவ இதழ்களில் ஒன்றில் வெளியானது. அந்த மாவைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்துக் கொடுக்கும் கொழுப்பமிலங்கள், குடல் நீரை உறிஞ்ச உதவுகின்றன. ஆறிய சோற்றிலும் இத்தகைய மாவு கூடுகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி பழைய சோற்றை அரசு நிதியில் ஆய்வுக்கு எடுத்ததன் பின்னணியும் குடல் நலம்தான். ஃபாட்மேப் உணவுகளை வருடக்கணக்கில் ஒதுக்கினால் இந்த நல்ல பாக்டீரியாக்களும் பட்டினி கிடக்கும். பயறை விட்டால் ஏழை வீட்டில் புரதத்துக்கு வேறு வழியும் குறைவு.

ஆகவே விலக்குவது இரண்டு முதல் ஆறு வாரம் வரை மட்டும். தொந்தரவு குறைந்தால் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். முதலில் பால், சில நாள் கழித்து வெங்காயம், அப்புறம் பருப்பு. எது எந்த அளவில் வயிற்றைப் பொரும வைக்கிறது என்று ஒரு பழைய டைரியில் நேரத்தோடு குறித்துக்கொண்டால் போதும். ஆறு வாரத்தில் ஒரு மாற்றமும் இல்லை என்றால், விலக்கிய எல்லாவற்றையும் திரும்பச் சாப்பிடத் தொடங்கலாம், காரணம் வேறெங்கோ இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு 2015இல் வெளியான சுவீடன் ஆய்வு நல்ல செய்தி சொல்கிறது. ஃபாட்மேப் உணவு முறையில் 50 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. நேரத்துக்குச் சாப்பிடுவது, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது, மென்று தின்பது, எண்ணெயையும் காரத்தையும் காபியையும் குறைப்பது என்ற பழைய அறிவுரையைக் கடைப்பிடித்தவர்களில் 46 சதவீதம் பேருக்கும் அதே குணம். மலச்சிக்கல் உள்ளவர்களுக்குத் தவிட்டைவிட இசப்கோல் நல்லது. தவிடு உப்புசத்தைக் கூட்டிவிடும்.

சாப்பாட்டை மட்டும் பேசி நிறுத்தினால் பெண்களுக்கு நியாயம் செய்ததாகாது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண், வயல் வேலைக்குப் போகிற பெண், இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்குப் போகிற ஆசிரியை ஆகியோரில் எத்தனையோ பேர் கழிப்பறை இல்லை என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல், மலத்தை அடக்கிக்கொண்டு பொழுதைத் தள்ளுகிறார்கள். தேங்கிய மலத்தின் பின்னால் வாயுவும் தேங்கும். எந்த உணவுப் பட்டியலும் இதைத் தீர்க்காது. பூட்டிக் கிடக்கும் கழிப்பறையைத் திறந்து, தண்ணீர் வரச் செய்வதுதான் இதற்குச் சிகிச்சை. முதலாளிகளும் உள்ளாட்சிகளும் இதைச் செய்தே ஆக வேண்டும்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், ரத்தசோகை, விடாத காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய வலி, நாளுக்கு நாள் வற்றாமல் கூடிக்கொண்டே போகும் வயிறு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அதை ஐ.பி.எஸ். என்று நீங்களாக முடிவுசெய்ய வேண்டாம். குடல் காசநோயோ புற்றுநோயோ, பெண்களுக்குச் சினைப்பைப் புற்றுநோயோகூட உப்புசத்தோடுதான் தொடங்கலாம். கள்ளக்குறிச்சியிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. பூண்டை நிறுத்துவதற்கு முன், பாலை நிறுத்துவதற்கு முன், முதலில் அங்கே போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.