ஆவணக் கோப்புகளின் அகத்தமைப்பு

கணினியில் எழுதப்படும் கட்டுரை ஒன்றை ஒரே ஏடாகக் கருதுதல் எவர்க்கும் இயல்பு. திரையிலே பக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. சேமிக்கும்போது ஒரே பெயர் வழங்கப்படுகின்றது. பிறர்க்கு அனுப்பும்போதும் ஒரே பொருளாகவே அது செல்கின்றது. ஆயினும் வேர்ட் என்னும் மென்பொருள் இக்காலத்தில் ஆக்கித்தரும் கோப்பு உண்மையில் ஓர் ஏடன்று. பல ஏடுகளைச் சுருக்கி ஒருங்கு கட்டிய பொதியேயாகும். அப்பொதி முறைக்கு ஸிப் என்பது பெயர். கணக்குப் பட்டியல்களுக்குரிய எக்செல் கோப்பும், விரிவுரையாளர் கையாளும் பவர்பொயின்ற் கோப்பும், ஈபப் என வழங்கும் மின்னூலும், ஜாவா மொழி நிரல்களைத் தாங்கும் ஜார் கோப்பும், அன்ட்ரொயிட் கைப்பேசிகளிற் செயலிகளை நிறுவும் ஏபிகே கோப்பும் புறத்தே வெவ்வேறு பெயர் பூண்டிருப்பினும் அகத்தே இவ்வொரே இனத்தைச் சேர்ந்தவை. இஃது அறிந்து வியத்தற்குரிய செய்தி மாத்திரமன்று. பல மாதம் உழைத்து எழுதிய ஆய்வேடு ஒருநாள் திறக்க மறுக்குமாயின், அது முற்றாக அழிந்ததா, மீட்கத்தக்கதா என்னும் வினாவுக்கு விடை இவ்வமைப்பிலேயே தங்கியுள்ளது.

கூறியதைச் சோதித்தறிதல் எளிது. வேர்ட் கோப்பொன்றைப் பிரதி செய்து, அப்பிரதியின் பெயரிறுதியில் நிற்கும் டொக்எக்ஸ் என்னும் விகுதியை நீக்கி ஸிப் என்னும் விகுதியை இடுதல் வேண்டும். (விண்டோஸ் முறைமை இவ்விகுதியை மறைத்து வைக்கும் வழக்கமுடையதாதலின், முதலில் அதனைக் காட்டும்படி பணித்தல் வேண்டும்.) இவ்வாறு செய்து திறந்தால் உள்ளே சில உறைகள் காணப்படும். 'வேர்ட்' என்னும் உறையினுள்ளே 'டொக்குமென்ட்' என்னும் பெயருடன் உள்ள பகுதியே கட்டுரையின் சொற்களைத் தாங்குவது. அச்சொற்கள் எக்ஸ்எம்எல் என்னும் குறிமொழியில், எவரும் வாசிக்கத்தக்க வெற்றெழுத்தாகவே உள்ளன. எழுத்தின் வடிவும் அளவும் வேறொரு பகுதியில். அடிக்குறிப்புகள் பிறிதொரு பகுதியில். படங்கள் 'மீடியா' என்னும் உறையில். எழுதியவர் பெயரும் இறுதியாகத் திருத்தியவர் பெயரும் ஆக்கிய நாளும் தனியே ஒரு பகுதியிற் குறிக்கப்பட்டிருக்கும். கடவுச்சொல் இட்டுப் பூட்டிய வேர்ட் கோப்பு மாத்திரம் இதற்கு விலக்கு. அது வேறொரு கூட்டினுள் அடைக்கப்படுகின்றது.

இங்கே எச்சரிக்கை ஒன்று கூறுதல் தகும். திரையில் ஓரம் வெட்டிக் காட்டப்படும் படம், வெட்டிய பாகத்தை அழிக்குமாறு வெளிப்படையாகப் பணித்தாலன்றி, பொதியினுள் முழுப்படமாகவே கிடக்கும். திருத்தங்களைப் பதிவு செய்யும் வசதியைக் கொண்டு நீக்கிய வாக்கியங்களும், அந்நீக்கம் ஏற்கப்படும்வரை, நீக்கியவர் பெயருடன் அங்கேயே இருக்கும்.

இப்பொதி முறையை வகுத்தவர் அமெரிக்காவின் மில்வோக்கி நகரத்தவரான பிலிப் காட்ஸ் என்பவர். 1980களிற் கோப்புகள் தொலைபேசிக் கம்பிவழி மிக மெதுவாகவே சென்றன. ஆதலாற் கோப்பைச் சுருக்குதல் நேரத்தையும் பணத்தையும் சுருக்குதலாயிற்று. ஆர்க் என்னும் முந்திய மென்பொருளின் உரிமையாளர் 1988 இல் இவர்மீது வழக்குத் தொடர, அவ்வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. அடுத்த ஆண்டு, 1989 இல், காட்ஸ் ஸிப் என்னும் தமது முறையை வெளியிட்டார். அவர் செய்தவற்றுள் மிகச் சிறந்தது யாதெனின், அம்முறையின் விவரத்தை எழுதி எவரும் கையாளலாம் என உலகிற்கு விட்டமையேயாம். 2000 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தமது 37 ஆம் வயதில் அவர் காலமானார். இன்று எழுதப்படும் ஒவ்வொரு வேர்ட் கோப்பின் முதலிரு பைற்றுகளும் 80, 75 என்னும் எண்களே. அவற்றை ஆங்கில எழுத்துகளாகக் கொள்ளின் பி, கே என வரும். அவை அவருடைய பெயரின் முதலெழுத்துகள்.

பொதியின் ஒழுங்கு கருதத்தக்கது. ஒவ்வொரு பகுதிக்கும் முன்னே அதன் பெயரைத் தாங்கிய சிறு தலைப்பு உண்டு. தலைப்பை அடுத்துச் சுருக்கிய பொருள் வரும். எல்லாப் பகுதிகளும் முடிந்தபின், எது எங்கே உள்ளது எனக் கூறும் பொருளடக்கம் இடப்படும். நூலுக்கு முன்னே நிற்க வேண்டிய பொருளடக்கம் ஈண்டு ஈற்றிலே நிற்பதற்குக் காரணம் உண்டு. புதிய பகுதியொன்றைச் சேர்க்கும்போது, முன்னுள்ளவற்றைத் தொடாமல், பழைய பொருளடக்கம் இருந்த இடத்தில் அப்பகுதியை எழுதிப் புதிய பொருளடக்கத்தை அதன்பின் வைத்தாற் போதும். திறக்கும் மென்பொருளோ கோப்பின் இறுதியிலிருந்தே தன் வாசிப்பைத் தொடங்கும். இதனால் விளையும் இடரைப் பின்னர்க் காணலாம்.

இனிச் சுருக்கம் என்பது எவ்வாறு நிகழ்கின்றது? ஸிப் பொதிகளிற் பெருவழக்காயுள்ள முறை டிஃப்ளேட் எனப்படும். இது காட்ஸ் 1993 இல் வெளியிட்ட பதிப்பில் இடம்பெற்றது. இரு பழைய கருத்துகளின் சேர்க்கையால் ஆயது. முதலாவது, இஸ்ரேல் நாட்டறிஞரான ஏபிரகாம் லெம்பெல், ஜேக்கப் ஸிவ் ஆகிய இருவரும் 1977 இல் வெளியிட்டது. தமிழர் இதனை விளங்கிக்கொள்ள அயலிடம் செல்ல வேண்டியதில்லை. பழைய உறுதிகளிலும் கணக்கேடுகளிலும் முன் சொன்ன பெயரை மீள எழுதாது ௸ என்னும் ஒரு குறியை இட்டு 'மேற்படி' என வாசித்தனரன்றோ? டிஃப்ளேட் செய்வதும் அதுவே. 3 முதல் 258 பைற்று வரை நீளமுள்ள தொடரொன்று முன்னரே வந்திருப்பின், 'இத்தனை பைற்று பின்னோக்கிச் சென்று, இத்தனை பைற்றைப் பார்த்தெழுதுக' என்னும் கட்டளையை மாத்திரம் அது இடுகின்றது. பின்னோக்கிச் செல்லத்தக்க எல்லை 32,768 பைற்றுகள். இரண்டாவது கருத்து டேவிட் ஹஃப்மன் என்பாருடையது. மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் மாணவராயிருந்தபோது, இறுதித் தேர்வெழுதுவதற்கு ஈடாகச் சமர்ப்பிக்கத்தக்க ஆய்வுக் கட்டுரைக்கென அவர் கண்ட முறை அது. 1952 இல் வெளிவந்தது. அடிக்கடி வருவனவற்றிற்குக் குறுகிய குறியீட்டையும் அருகி வருவனவற்றிற்கு நீண்ட குறியீட்டையும் வழங்குதலே அதன் சாரம்.

தமிழ் எழுதுவோர்க்கு இதில் தனிப்பயன் ஒன்றுண்டு. வேர்ட் பொதியினுட் சொற்கள் யூ.டி.எவ்.-8 என்னும் முறையிற் பதியப்படுகின்றன. அம்முறையில் ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு பைற்று; தமிழ்க் குறியீடொன்றுக்கு மூன்று பைற்று. 'கல்லூரி' என்பது நான்கெழுத்துச் சொல்லேயாயினும், மெய்ப்புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனியே எண்ணப்படுதலின் 7 குறியீடுகளாகி 21 பைற்றுகளைக் கொள்கின்றது. அதே பொருள் தரும் ஆங்கிலச் சொல்லுக்கு 7 பைற்றுகளே போதும். இது தமிழுக்கு இழைத்த ஓரவஞ்சனை எனத் தோன்றலாம். ஆனால் அந்த 21 பைற்றுகளையும் உற்று நோக்கின், ஒவ்வொரு மூன்றிலும் முதலாவது எப்பொழுதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. எனவே 14 பைற்றுகள் மூன்றே எண்களின் மாறாட்டம். இவ்வாறு மீளமீள வருவனவற்றை விழுங்குதலே டிஃப்ளேட்டின் தொழிலாதலால், மும்மடங்குச் சுமையின் பெரும்பகுதி பொதியினுட் கரைந்துவிடுகின்றது. படங்களோ பெரும்பாலும் முன்னரே சுருக்கப்பட்டவை, பொதியாற் சிறுக்கமாட்டா. கட்டுரை சிறிதாயினும் கோப்புப் பெரிதாயிருப்பதற்கு இதுவே காரணம்.

முந்திய வேர்ட் கோப்புகள் இவ்வாறு அமைந்தனவல்ல. டொக் என்னும் விகுதியுடைய அவற்றை அம்மென்பொருளின் துணையின்றி வாசித்தல் அரிது. அவற்றின் அமைப்பு விவரம் எவரும் தடையின்றிப் பெறத்தக்கவாறு வெளியிடப்பட்டது 2008 இலேயே. எக்ஸ்எம்எல்லை ஸிப்பாகக் கட்டும் வழியை ஓப்பன் ஒபிஸ் முன்னரே கைக்கொண்டிருந்தது. அவ்வழி வந்த ஓப்பன் டொக்குமென்ட் 2005 இல் நியமமாகி, 2006 இல் உலக நியமமும் ஆயிற்று. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் புதிய அமைப்பு 2006 டிசெம்பரில் எக்மா நியமமாகவும் 2008 இல் உலக நியமமாகவும் ஏற்கப்பட்டது. போட்டியாளர் இருவரும் ஒரே பொதியைத் தெரிந்தமை, காட்ஸ் தமது விவரத்தைப் பூட்டி வையாமையின் பயனே எனலாம்.

இனி, முன்னர்க் குறித்த இடருக்கு வருவோம். அனுப்பும்போது இடையில் அறுந்த கோப்பு தன் வாலை இழக்கின்றது. வாலோடு பொருளடக்கமும் போகின்றது. நூற்றில் ஒரு பங்கே குறைந்தபோதும் மென்பொருள் 'கோப்புப் பழுதுற்றது' எனக் கூறி மறுத்துவிடும். ஆயினும் ஒவ்வொரு பகுதியின் முன்னும் அதனதன் பெயர்த் தலைப்பு நிற்பதை மறத்தலாகாது. 80, 75, 3, 4 என்னும் நான்கு பைற்றுகளைத் தேடிச் செல்லின் ஒவ்வொரு தலைப்பாகக் கண்டு பொருளடக்கத்தை மீள ஆக்கலாம். இன்போ-ஸிப் குழுவினரின் இலவசக் கருவியில் இதற்கெனத் தனிக் கட்டளை உண்டு. வேர்ட் எழுதும் பொதிகளிற் சொற்பகுதி பெரும்பாலும் முன்னேயே வைக்கப்படுதலும் இழந்தவர்க்கு நல்லூழே.

நடுவிற் பழுது நேரின் நிலைமை வேறு. வெற்றெழுத்துக் கோப்பில் ஒரு பைற்று கெட்டால் ஓரெழுத்தே கெடும். சுருக்கிய பகுதியிலோ பின்வருவன முன்வந்தவற்றைச் சுட்டி நிற்றலின், கெட்ட இடத்திற்கு அப்பாலுள்ளவற்றை நம்புதற்கில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் 32 பிற்றுச் சரிபார்ப்பெண் ஒன்று உண்டு. அது பிழையைக் காட்டுமேயன்றித் திருத்தாது. எனினும் பகுதிகள் தனித்தனியே சுருக்கப்படுதலாற் படமொன்றின் கேடு கட்டுரையின் சொற்களைத் தீண்டாது. சொற்பகுதி கெடாது கிடைக்குமாயின், சாதாரண எழுத்துத் தொகுப்பியிலே அதனைத் திறந்து குறிமொழியை நீக்க, எழுதியவரின் வரிகள் அவ்வாறே எஞ்சும். அடிக்குறிப்புகள் வேறு பகுதியில் உள்ளமையால் அவற்றைத் தனியே தேடி எடுத்தல் வேண்டும்.