மானும் எல்லைக்கோடும்

அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்து வேட்டை விதிகளுள் ஒன்று என்னை வெகுவாகச் சிந்திக்க வைத்தது. கவுண்டி எனப்படும் மாவட்டங்கள் அங்கே 254. வெண்வால் மான்களுள், மாநிலம் முழுவதிலுமாக ஒருவர் ஆண்டுக்கு 5 கொல்லலாம். ஆண்மான் 3க்கு மேற்படலாகாது. சில மாவட்டங்களிலோ ஆண்மான் 2 மட்டுமே.

ஒரே பண்ணை இருவகை மாவட்டங்களிலும் கிடந்தால்? கொன்ற இடத்து விதியே செல்லும். ஒருபுறத்தில் இரண்டை வீழ்த்தியவர் மூன்றாவதற்குக் கோட்டைக் கடந்தாக வேண்டும். வரம்புகளைக் கூட்டி ஐந்தை ஏழாக்க இயலாது. மானோ இருபுறமும் மேய்கிறது!

பண்ணையையே அலகாகக் கொண்டு, மான்களின் தொகை நோக்கிச் சீட்டு வழங்கும் திட்டமும் அங்குண்டு. அதிற் சேர்ந்த நிலத்தை மாவட்ட வரம்பு கட்டுப்படுத்தாது. மான் மிகுந்தால் தழை அழியும். பின்னர் மானும் மெலியும். ஆதலின், நிலத்தை நோக்கும் அம்முறையே எனக்கு உவப்பானது.