பிளஸ் ஒன் படிப்பும் பெற்றோர் பொறுப்பும்



"பிளஸ் ஒன்னுக்கு இனிமேல் பப்ளிக் பரீட்சை கிடையாதாமே, சிஸ்டர்? அப்படியானால் இந்த ஒரு வருஷம் பிள்ளைக்குக் கொஞ்சம் ஓய்வுதானே?" பள்ளி அலுவலகத்துக்கு வரும் தாய்மார்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தந்தையர் வேறு விதமாகக் கேட்கின்றனர். "பரீட்சை இல்லாத வகுப்புக்கு ஒரு வருஷம் எதற்கு, டீச்சர்? பிளஸ் டூ பாடத்தை இப்போதே தொடங்கிவிடலாமே?"

இரண்டு கேள்விகளும் பிள்ளைகள் மீதுள்ள அன்பினால் எழுபவை. ஆயினும் இரண்டிலும் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. வாசலில் நின்றபடி இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கக்கூடிய பதிலும் அன்று. ஆகவே இந்த ஆண்டு மலரில் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

தேர்வு வந்த கதையும் போன கதையும்

உங்கள் வீட்டிலுள்ள பாட்டிமார் பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு எழுதி, அதன்பின் கல்லூரியில் ஓராண்டு புகுமுக வகுப்புப் படித்தவர்களாக இருக்கலாம். 1978-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. பத்தாம் வகுப்போடு முடிந்தது. கல்லூரியிலிருந்த புகுமுக வகுப்புக்குப் பதிலாகப் பள்ளியிலேயே இரண்டாண்டுப் படிப்பு ஏற்பட்டது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980-இல் நடந்தது.

அன்று முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிளஸ் ஒன் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இருந்ததில்லை. பள்ளியே தேர்வு வைத்து மாணவியரை அடுத்த வகுப்புக்கு அனுப்பியது. பிளஸ் டூ தேர்வில் மொத்தம் 1200 மதிப்பெண்கள். அந்த 1200-க்கும் கேள்விகள் பிளஸ் டூ புத்தகத்திலிருந்தே வந்தன. இதனால் என்ன நேர்ந்தது? பல இடங்களில் பிளஸ் ஒன் புத்தகம் பெயரளவுக்குத் திறக்கப்பட்டது. பிளஸ் டூ பாடமே இரண்டு ஆண்டுகளும் நடத்தப்பட்டது. பிள்ளைகள் மதிப்பெண்களை அள்ளிக்கொண்டு வந்தார்கள். ஆனால் கல்லூரியில் முதலாண்டுப் பாடம் புரியாமல் தடுமாறினார்கள். அகில இந்திய நுழைவுத் தேர்வுகளில் பிளஸ் ஒன் பாடக் கேள்விகளைக் கண்டு திகைத்தார்கள்.

இக்குறையைப் போக்கவே 2017-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டது. முதல் தேர்வு 2018 மார்ச்சில் நடந்தது. ஒவ்வோர் ஆண்டுக்கும் 600 மதிப்பெண்கள் என்று ஏற்பாடாயிற்று. முதலில் இரண்டு ஆண்டு மதிப்பெண்களையும் சேர்த்துப் பார்ப்பதாக எண்ணம் இருந்தது. பின்னர் 2018 செப்டம்பரில், கல்லூரிச் சேர்க்கைக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும் என்று அறிவித்தார்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாகப் பொதுத்தேர்வு எழுதும் நிலை பிள்ளைகளுக்குப் பெரும் பாரமாக இருந்தது. 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியிடப்பட்ட மாநிலக் கல்விக் கொள்கை, 2025-26 கல்வியாண்டு முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வை நீக்கியது. முன்பு அத்தேர்வில் தவறியவர்கள் அப்பாடங்களைத் திரும்ப எழுதவும் வழி செய்யப்பட்டது.

பாரம் குறைந்ததில் எங்களுக்கும் மகிழ்ச்சியே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நீக்கப்பட்டது தேர்வுதான், பாடம் நீக்கப்படவில்லை. எந்தக் குறையைப் போக்கத் தேர்வு வந்ததோ, அந்தக் குறை மீண்டும் தலைகாட்டாதபடி காக்கும் பொறுப்பு இப்போது பள்ளியின் மேலும் வீட்டின் மேலும் விழுந்திருக்கிறது.

முதலாண்டு இல்லாமல் இரண்டாம் ஆண்டு இல்லை

"அஸ்திவாரம் இல்லாமல் மாடி கட்டுவாரா?" என்று கேட்டால் எவரும் சிரிப்பார்கள். பிளஸ் ஒன் புத்தகம் அந்த அஸ்திவாரம்தான். வணிகவியல் பிரிவை எடுத்துக்கொள்வோம். குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, இறுதிக் கணக்குகள் ஆகியவற்றைக் கணக்குப்பதிவியலில் பிளஸ் ஒன்னில்தான் கற்பிக்கிறோம். பிளஸ் டூவில் கூட்டாண்மைக் கணக்கும் நிறுமக் கணக்கும் வருகின்றன. பற்று எது, வரவு எது என்று பிளஸ் ஒன்னில் தெளியாத பெண், புதுக் கூட்டாளி சேரும் கணக்கைக் கண்டு கண்ணீர் விடாமல் என்ன செய்வாள்?

அறிவியல் பிரிவிலும் இதே நிலைதான். நியூட்டனின் விதிகள், ஈர்ப்பு, வெப்பம், அலைகள் ஆகியவை பிளஸ் ஒன் இயற்பியலில் உள்ளன. வேதியியலில் மோல் கணக்கு, அணு அமைப்பு, கரிம வேதியியலின் தொடக்கம் ஆகிய மூன்றும் பிளஸ் ஒன்னில்தான். கணிதத்தில் வகையிடல் தெரியாமல் பிளஸ் டூவின் வகைக்கெழுச் சமன்பாட்டுக்குள் நுழையவே முடியாது. மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வும், பொறியியலுக்கான ஜே.இ.இ. தேர்வும் இரண்டு ஆண்டுப் பாடங்களிலிருந்தும் வினாக்கள் கேட்கின்றன.

மதிப்பெண் கணக்கு

பல பெற்றோருக்குக் குழப்பம் தருவது மதிப்பெண் முறை. தாங்கள் படித்த காலத்தில் 1200-க்கு ஆயிரத்துக்கு மேல் வாங்கியவர்கள், மகள் 520 என்று சொன்னதும் முகம் வாடுகிறார்கள். இப்போது மொத்தமே 600 என்பதை நினைவில் வையுங்கள். ஆறு பாடங்கள், பாடத்துக்கு 100. செய்முறை இல்லாத பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10. இயற்பியல் போன்ற செய்முறைப் பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. வருகை, வகுப்புத் தேர்வுகள், ஒப்படைப்பு, பாட இணைச் செயல்கள் ஆகியவற்றைப் பார்த்தே அகமதிப்பீடு வழங்கப்படுகிறது. அது ஆசிரியை மனமிரங்கிப் போடும் மதிப்பெண் அன்று. மாணவி ஆண்டு முழுவதும் சேர்த்துவைக்கும் மதிப்பெண்.

பொறியியல் சேர்க்கைக்கான தரவரிசைக் கணக்கு வேறு. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிடுகிறார்கள். ஆகவே மொத்த மதிப்பெண்ணைக் கொண்டு மட்டும் மகளின் வாய்ப்பை அளக்காதீர்கள்.

மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர்களை வெளியிடும் வழக்கமும் 2017-இல் நின்றுவிட்டது. அரசே நிறுத்திய ஒப்பீட்டை நாம் அடுத்த வீட்டுப் பெண்ணோடு தொடர்ந்து செய்யலாமா?

வினாத்தாளின் போக்கு

முன்பு இயற்பியல் வினாத்தாள் 150 மதிப்பெண்ணுக்கு இருந்தது. அதில் பத்து மதிப்பெண் கட்டுரை வினாக்கள் நான்கு எழுத வேண்டும். சில பாடங்களைத் தேர்ந்தெடுத்து, நெடிய விடைகளை மனப்பாடம் செய்தால் கரையேறிவிடலாம். இன்றைய 70 மதிப்பெண் தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 15, இரண்டு மதிப்பெண் விடைகள் 6, மூன்று மதிப்பெண் விடைகள் 6, ஐந்து மதிப்பெண் விடைகள் 5. பத்து மதிப்பெண் கட்டுரைக்கு இடமே இல்லை. சிறு வினாக்கள் புத்தகத்தின் எந்த மூலையிலிருந்தும் வரலாம். பாடத்தின் பின்னுள்ள பயிற்சி வினாக்களை மட்டும் உருப்போட்டால் போதாது. பாடத்தைப் படித்துப் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

"இம்பார்ட்டன்ட் கேள்விகளைக் குறித்துக் கொடுங்கள், டீச்சர்" என்று கேட்கும் பெற்றோருக்கு நாங்கள் தயங்குவது இதனால்தான். எங்களுக்கு மனமில்லாமல் அன்று.

நாங்கள் மறக்காத ஒரு மாணவி

பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வருவதற்கு முந்திய காலத்தில் நடந்தது இது. நன்றாகப் படிக்கும் பெண். பத்தாம் வகுப்பில் கணிதத்தில் நல்ல மதிப்பெண் பெற்று வந்தவள். அந்த ஆண்டு அக்காவுக்குப் பிரசவம். "பரீட்சை இல்லாத வருஷம்தானே, இவள் வீட்டிலிருந்து உதவி செய்யட்டும்" என்று நிறுத்திக்கொண்டார்கள். இரண்டு வாரம் என்று தொடங்கியது இரண்டு மாதமாயிற்று. திரும்பி வந்தபோது வகுப்பு வெகுதூரம் போயிருந்தது. கேட்டால் கூச்சம், கேட்காவிட்டால் புரியவில்லை. பிளஸ் டூவில் கணிதத்தில் மட்டும் தவறினாள். அதன்பின், "இவளுக்குப் படிப்பு வராது" என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள்.

படிப்பு வராத பெண்ணா அவள்? இரண்டு மாதம் பாடம் கிடைக்காத பெண். தவறு பெற்றோருடையது மட்டுமன்று. பொதுத்தேர்வு இல்லாத வகுப்பு என்று நாங்களும் அவளைத் தேடி வீட்டுக்குப் போகவில்லை. அந்த வருத்தம் எங்களுக்கு இன்றும் உண்டு. பையனுக்கு இப்படி நேர்ந்திருக்குமா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். வீட்டில் ஒரு வேலை வந்தால் முதலில் நிற்பது பெண்பிள்ளையின் படிப்பாகவே இருக்கிறது. பொதுத்தேர்வு என்ற ஒன்று இருந்தவரை, "பரீட்சை இருக்கிறது" என்று சொல்லித் தப்பிக்க அவளுக்கு ஒரு வார்த்தை இருந்தது. இப்போது அந்த வார்த்தை அவளிடம் இல்லை. அவளுக்காக அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

பெற்றோர் செய்யக்கூடியவை

முதலாவது, வருகை. திருமணம், திருவிழா, உறவினர் வருகை ஆகியவற்றுக்காகப் பிளஸ் ஒன் மாணவியை நாட்கணக்கில் நிறுத்தாதீர்கள். தவிர்க்க முடியாத நிலை வந்தால் வகுப்பாசிரியைக்கு முன்னமே சொல்லுங்கள். விடுபட்ட பாடத்தைக் கற்பிக்க நாங்கள் காத்திருக்கிறோம்.

இரண்டாவது, பாடப்பிரிவு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்ததும் எல்லோரும் உயிரியல் பிரிவையே கேட்கிறார்கள். மகளின் விருப்பத்தையும், அவள் எந்தப் பாடத்தில் தானாகப் புத்தகத்தைத் திறக்கிறாள் என்பதையும் பாருங்கள். தவறான பிரிவில் சேர்ந்துவிட்டதாகத் தோன்றினால் முதல் சில வாரங்களுக்குள் எங்களிடம் வாருங்கள்.

மூன்றாவது, காலாண்டு, அரையாண்டு, ஆண்டுத் தேர்வுகள். பிளஸ் ஒன்னில் இனி அளவுகோல் பள்ளித் தேர்வுகளே. முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பாமல், மகளை அருகில் அமர்த்தி, "எந்தப் பாடம் கடினம்?" என்று கேளுங்கள். "ஏன் குறைந்தது?" என்று அதட்டுவதைவிட இந்த ஒரு கேள்வி பயன் தரும்.

நான்காவது, அவசரம் வேண்டாம். பிளஸ் டூ பாடத்தை முன்கூட்டியே தொடங்கும் தனிப்பயிற்சிக்கு அனுப்பாதீர்கள். பிளஸ் ஒன் பாடத்தில் சந்தேகம் தீர்க்கும் இடம் வேண்டுமானால் அனுப்புங்கள்.

ஐந்தாவது, தோல்வி வந்தால் தாங்கிக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பிலோ பிளஸ் டூவிலோ ஒரு பாடம் தவறினால் ஜூன், ஜூலை மாதங்களில் துணைத்தேர்வு நடக்கிறது. அதில் தேறினால் அதே ஆண்டில் மேற்படிப்பில் சேர வழியுண்டு. முடிவு வந்த அன்றே மாற்றுச் சான்றிதழ் கேட்டு வராதீர்கள். மறுநாள் மகளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். விண்ணப்பத்தை நாமே சேர்ந்து நிரப்புவோம்.

முடிவாக

2021-இல் கொரோனா நோயின் காரணமாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு நடக்கவில்லை. அவ்வாண்டுச் சான்றிதழில் மதிப்பெண்ணே இல்லை. "தேர்ச்சி" என்ற சொல் மட்டும் இருந்தது. "இந்தப் பிள்ளைகள் என்ன ஆவார்களோ" என்று நாம் எல்லோரும் கவலைப்பட்டோம். அவர்களே 2023-இல் பிளஸ் டூ எழுதினார்கள். மாநிலத்தில் நூற்றுக்கு 94 பேர் தேறினார்கள். மதிப்பெண் அச்சிடாத ஆண்டிலும் அவர்கள் கற்றது வீணாகவில்லை.

பிளஸ் ஒன்னும் அப்படிப்பட்ட ஓர் ஆண்டுதான். பரீட்சைக்குப் பயந்து படிக்காமல், புரிந்து படிக்க ஓராண்டு நம் பெண்களுக்குக் கிடைத்திருக்கிறது. சோதனைக்கூடத்தில் நிதானமாகச் செய்து பார்க்கவும், நூலகத்தில் பாடத்துக்கு வெளியே ஒரு புத்தகம் எடுக்கவும், புரியாததைத் துணிந்து கேட்கவும் நேரமுண்டு. அந்த நேரத்தைச் சமையலறையும் தொலைபேசியும் பங்கிட்டுக்கொள்ள விடாமல் காப்போம். பள்ளியில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வீட்டில் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அலுவலகத்துக்கு வரும்போது, "பிளஸ் ஒன்னுக்குப் பரீட்சை உண்டா?" என்று கேட்காமல், "என் மகளுக்குப் பாடம் புரிகிறதா, சிஸ்டர்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நாங்கள் எப்போதும் ஆயத்தமாக இருக்கிறோம்.