தூக்கி எறிந்த தூண்டில் கழிக்கு ஆயிரக்கணக்கில் விலை!

மூங்கிலுக்குள் ஒளிந்திருந்த கலை பிழைத்த கதை

பரணில் ஒரு துணிப்பை கிடக்கிறது. அதற்குள் மூன்று துண்டாக ஒரு மூங்கில் கழி. வார்னிஷ் மங்கிவிட்டது. பட்டு நூல் கட்டு பிரிந்து தொங்குகிறது.

"பழைய குச்சிதானே! தூக்கி எறி" என்று சொல்லத் தோன்றும்.

அவசரப்படக் கூடாது! அமெரிக்காவில் இப்படிப்பட்ட சில கழிகளுக்குப் பல ஆயிரம் டாலர் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் பழைய தூண்டில் கழி சேர்ப்பவர்கள். ஒரு குச்சிக்கு இத்தனை மதிப்பு எப்படி வந்தது?

பொய் ஈ

நம் ஊர்க் குளக்கரையில் தூண்டில் போடுகிறவர் முள்ளில் மண்புழுவைக் கோப்பார். தக்கை மிதக்கும். மீன் கடித்ததும் வெடுக்கென்று இழுப்பார். அதற்கு எந்த மூங்கில் குச்சியும் போதும்.

மேல்நாட்டு மலை ஓடைகளில் 'டிரவுட்' என்ற மீன் இருக்கிறது. தண்ணீரில் விழும் பூச்சிகளை அது பிடித்துத் தின்னும். அந்த மீனை ஏமாற்ற, முள்ளைச் சுற்றி இறகும் பட்டு நூலும் கட்டுகிறார்கள். பார்த்தால் ஈ மாதிரியே இருக்கும். பொய் ஈ! வெள்ளைக்காரர்கள் இந்த மீனை நீலகிரிக்கும் கொண்டு வந்தார்கள். அவலாஞ்சியில் அதற்குக் குஞ்சு பொரிக்கும் பண்ணையும் வைத்தார்கள்.

பொய் ஈக்கு எடையே கிடையாது. எடை இல்லாத பொருளை 40 அடி தூரம் வீசுவது எப்படி? கனம் நூலில் இருக்கிறது. கழியை முன்னும் பின்னும் வீசினால் அது வில்லைப் போல வளைந்து நிமிரும். அந்த வேகத்தில் நூல் பறக்கும். நூலின் நுனியில் ஈ பூப்போலத் தண்ணீரில் இறங்கும்.

ஆகவே கழி வளைய வேண்டும். ஆனால் ஒடியக் கூடாது. வளைந்தது உடனே நிமிரவும் வேண்டும். இதற்கு ஏற்ற பொருள் மூங்கில்தான் என்று கண்டுபிடித்தார்கள்.

கல்கத்தா மூங்கில்

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஈஸ்டன் என்ற ஊர். அங்கே சாமுவேல் பிலிப் என்ற துப்பாக்கி செய்யும் தொழிலாளி இருந்தார். வயலினும் செய்வார். 1840-களில் அவர் மூங்கிலைப் பிளந்து, பிளாச்சுகளை ஒட்டித் தூண்டில் கழி செய்தார்.

அந்த மூங்கில் எங்கிருந்து போனது தெரியுமா? நம் இந்தியாவிலிருந்து! கல்கத்தா துறைமுகத்தில் கப்பல் ஏறியதால் அதற்குக் 'கல்கத்தா மூங்கில்' என்று பெயர். அதன் மேல் நெருப்புப் பட்ட தழும்பு இருக்கும். பழைய கழியில் அந்தத் தழும்பைக் கண்டால் சேகரிப்பவர்களுக்கு ஒரே குஷி.

பிறகு அதைவிட நேரான, கடினமான மூங்கில் சீனாவில் கிடைத்தது. குவாங்டுங் மாகாணத்தில் சுயி ஆற்றுப் பக்கத்து மலைகளில் அது விளைகிறது. வியாபாரிகள் அதை 'டோங்கின் மூங்கில்' என்றார்கள். டோங்கின் என்பது வியட்நாமின் வடபகுதி. அந்த ஊருக்கும் இந்த மூங்கிலுக்கும் சம்பந்தமே இல்லை! 1931-ல் மெக்ளூர் என்ற தாவர நிபுணர் அதற்கு லத்தீன் மொழியில் பெயர் வைத்தார். அதில் 'அமாபிலிஸ்' என்று ஒரு சொல் வருகிறது. 'அழகானது' என்று பொருள்.

ஆறு பிளாச்சு, ஒரு கழி

மூங்கிலின் பலம் தோலை ஒட்டிய நாரில் இருக்கிறது. உள்ளே போகப் போகச் சோறு. ஆகவே மூங்கிலை நீளவாக்கில் பிளக்கிறார்கள். கணுக்களை அனலில் காட்டி நேராக்குகிறார்கள். இரும்பு அச்சில் வைத்து இழைப்புளியால் இழைக்கிறார்கள். தோல் பக்கத்தின் நாரைத் தொடுவதில்லை. உள்பக்கம் இரண்டையும்தான் சீவுகிறார்கள்.

ஒவ்வொரு பிளாச்சும் முக்கோணமாக வரும். அப்படி ஆறு பிளாச்சு. ஆறையும் சேர்த்து ஒட்டினால் அறுகோணக் கழி. பலமான நார் முழுவதும் வெளியே இருக்கும். பழைய நாளில் ஒட்டுவதற்கு நம் தச்சர்கள் பயன்படுத்திய வச்சிரம் போன்ற பசைதான்.

அடியில் பருமனாக இருக்கும் கழி நுனிக்குப் போகப் போக மெலிய வேண்டும். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் எவ்வளவோ, அந்தக் கணக்கில் அளந்து சீவுகிறார்கள். நுனியில் கழியின் மொத்தப் பருமனே 2 மில்லிமீட்டர் அளவுதான். அதற்குள் ஆறு பிளாச்சு!

பிறகு உலோகப் பூண், பட்டு நூல் கட்டு, தக்கைப் பிடி, வார்னிஷ். ஒரு கழிக்குப் பல நாள் உழைப்பு.

பூட்டிய அறை

ஹைரம் லெனார்ட் என்பவரும் துப்பாக்கித் தொழில் தெரிந்தவர். மெயின் மாநிலத்தில் பாங்கர் என்ற ஊரில் 1870-களில் ஆறு பிளாச்சுக் கழி செய்து பெயர் வாங்கினார். பிளாச்சு அறுக்க ஓர் இயந்திரம் செய்தார். அதைப் பூட்டிய அறையில் வைத்தார். வேண்டிய ஓரிருவரைத் தவிர யாரும் உள்ளே போக முடியாது.

ஆனால் தொழில் பூட்டுக்குள் நிற்குமா? லெனார்டிடம் வேலை பார்த்த தாமஸ், எட்வர்ட்ஸ், பேய்ன் ஆகியோர் வெளியே வந்து தனித்தனியாகக் கழி செய்தார்கள். பேய்னின் மகன் ஜிம் தந்தையின் தொழிலைத் தொடர்ந்தார். இந்தப் பெயர்கள் உள்ள கழிகளைத்தான் சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

வந்தது விபத்து!

இரண்டாவது உலகப் போருக்குப் பிறகு கண்ணாடி இழைக் கழி வந்தது. மலிவு. தண்ணீருக்கும் வெயிலுக்கும் அஞ்சாது. ஜனங்கள் அதை வாங்கினார்கள்.

அடுத்த அடி 1950-ல் விழுந்தது. கொரியா சண்டையில் சீனா இறங்கியதால் அமெரிக்கா சீனாவோடு வியாபாரத்தை நிறுத்தியது. மூங்கில் வரத்து நின்றது. 1971 வரை இந்தத் தடை இருந்தது. பிறகு கார்பன் இழைக் கழியும் கடைக்கு வந்துவிட்டது.

பல பட்டறைகள் மூடின. ஜிம் பேய்ன் 1968-ல் இறந்தார். தொழில் தெரிந்த கைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. மூங்கில் கழிகள் பரணுக்கும் குப்பைக்கும் போயின. கலை அதோடு செத்திருக்க வேண்டும்.

காப்பாற்றியது யார்?

பழைய கழிகளைத் தூக்கி எறியாமல் சேர்த்து வைத்தவர்கள்தான் காப்பாற்றினார்கள்! 1968-லேயே வெர்மான்ட் மாநிலத்தில் மான்செஸ்டர் என்ற ஊரில் இதற்கென்று ஒரு பொருட்காட்சிசாலை ஏற்பட்டது.

நியூயார்க் பக்கத்தில் எவரெட் கேரிசன் என்ற என்ஜினீயர் இருந்தார். பாலத்துக்குக் கணக்குப் போடுவதுபோலத் தூண்டில் கழிக்குக் கணக்குப் போட்டவர். ஹோகி கார்மைக்கேல் என்பவர் அவரிடம் தொழில் கற்றார். கேரிசன் 1975-ல் இறந்தார். அவருடைய முறை முழுவதையும் கார்மைக்கேல் 1977-ல் புத்தகமாக வெளியிட்டார். லெனார்ட் பூட்டி வைத்தார். இவர்கள் திறந்து வைத்தார்கள். அதைப் படித்துப் புதியவர்கள் பலர் இழைப்புளியைக் கையில் எடுத்தார்கள்.

புத்தகம் மட்டும் போதுமா? இறந்துபோன மற்றத் தொழிலாளிகளின் கணக்கு எங்கே? அவர்கள் செய்த கழியில்தான் இருக்கிறது! பழைய கழியை அடியிலிருந்து நுனி வரை சில அங்குலத்துக்கு ஒருமுறை அளக்கிறார்கள். அந்த அளவை வைத்து அதேபோலப் புதுக் கழி செய்கிறார்கள். பரணில் கிடந்த குச்சியே பாடப் புத்தகமாகிவிட்டது.

எது அசல்?

பழையது எல்லாம் விலை போகாது. தொழிற்சாலைகள் லட்சக்கணக்கில் மலிவான மூங்கில் கழிகளைச் செய்து தள்ளின. போருக்குப் பிறகு ஜப்பானிலிருந்து அமெரிக்கச் சிப்பாய்கள் மரப்பெட்டியில் அழகான கழிகளை வாங்கி வந்தார்கள். பெட்டி ஜோர், கழிக்கு மதிப்பு குறைவு.

சேகரிப்பவர் முதலில் துண்டுகளை அருகருகே வைத்துப் பார்ப்பார். நீளம் சமமாக இருக்க வேண்டும். ஒரு துண்டு குட்டையாக இருந்தால் அது ஒடிந்து வெட்டப்பட்டது. நுனித் துண்டு சீக்கிரம் ஒடியும். அதனால் நல்ல கழிகளோடு இரண்டு நுனி கொடுப்பார்கள். இரண்டும் இருந்தால் விலை ஏறும். பூண் ஆடக் கூடாது. பிளாச்சு பிரியக் கூடாது. செய்தவர் பெயரும், பழைய துணிப்பையும், குழாயும் இருந்தால் இன்னும் நல்லது.

கழியோடு நூல் சுற்றும் ரீல், பொய் ஈ, பொய் மீன் எல்லாவற்றையும் சேர்க்கிறார்கள். ஒஹாயோவில் ரைலி ஹாஸ்கெல் என்பவர் உலோகத்தில் பொய் மீன் செய்து 1859-ல் காப்புரிமை வாங்கினார். அவர் செய்த பெரிய செம்பு மீன் ஒன்று 2003-ல் ஏலத்துக்கு வந்தது. விலை 1,01,200 டாலர்!

பெட்டியிலா, ஓடையிலா?

சேகரிப்பவர்களுக்குள் ஒரு வாதம் உண்டு. "இத்தனை மதிப்புள்ள கழியை ஓடைக்குக் கொண்டு போகலாமா?" என்பார் ஒருவர். "வளைந்து பார்க்காத கழி வெறும் கட்டைதானே?" என்பார் இன்னொருவர்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஓடைக்குக் கொண்டு போனால் ஒடியலாம். பெட்டியிலேயே வைத்தால் அது எப்படி வீசும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஈரத்தோடு குழாய்க்குள் போடக் கூடாது, சுவரில் சாய்த்து வைக்கக் கூடாது என்பதில் இருவரும் ஒரே கட்சி. சாய்த்தால் கோணிவிடும். நன்றாகத் துடைத்து, பையில் போட்டு, நேராகத் தொங்கவிட வேண்டும்.

நம் வீடுகளிலும் தாத்தாவின் இழைப்புளி, பாட்டியின் முறம், கொத்தனாரின் பழைய மட்டப்பலகை என்று எத்தனையோ கிடக்கும். அவற்றுக்குப் பணம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அவற்றில் ஒரு கையின் கணக்கு இருக்கும். எறிவதற்கு முன், அதைச் செய்தவர் யார், எப்படிச் செய்தார் என்று வீட்டுப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதி வைப்பது நல்லது. கழி போனால் இன்னொன்று செய்யலாம். கணக்கு போனால் திரும்ப வராது.